இறுகாத ஆறு கட்டிகள்

வலது கைச் சுண்டுவிரல்தான் முதலில் செத்தது. காலையில் நான் எழுந்தாலும் அது எழுவதில்லை. உரித்த முட்டை மாதிரி வெளுத்துக் கிடக்கும். கன்னத்தில் வைத்துப் பார்த்தால் வேறு யாரோ தொட்ட மாதிரி இருக்கும். அப்புறம் மோதிரவிரல். அப்புறம் இடது கையிலும் ஆரம்பித்தது. சட்டைப் பட்டனை என் மனைவி போட்டுவிடத் தொடங்கி எட்டு மாதம் ஆகிறது.

"எனக்கு மூணாவது பிள்ளை நீங்கதான். ரெண்டு பெத்ததும் போதும்னு நினைச்சேன்" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். ஆனால் கடைசிப் பட்டனுக்கு வரும்போது சிரிப்பு இருக்காது.

என் வேலை காங்கிரீட் பிளாண்டில். வயிற்றைச் சுழற்றிக்கொண்டே சாலையில் போகுமே மிக்சர் லாரி, அதன் டிரம்முக்குள். கலவையை இறக்கிவிட்டு எவ்வளவுதான் தண்ணீர் அடித்துக் கழுவினாலும் உள்ளே கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது இறுகும். அதன்மேல் மறுநாள் ஒட்டும். இப்படி மாதக்கணக்கில் கனத்துப்போவதை உடைக்க ஓர் ஆள் ஓட்டை வழியாக உள்ளே இறங்க வேண்டும். பதினோரு வருடமாக அந்த ஆள் நான். கையில் பிரேக்கர், கல்லை உதறி உதறி உடைக்கிற மெஷின். இரும்பு உருளைக்குள் குந்தியபடி அதை ஓட்டினால் சத்தம் காது வழியாக வராது, பல் வழியாக வரும்.

எனக்கு அந்தப் பிளாண்டில் வேண்டியிருந்தது ஒரே ஓர் இடம், சாம்பிள் ரூம். ஒரு ஜன்னல், ஒரு மின்விசிறி, ஒரு ஸ்டூல், ஒரு தண்ணீர்த் தொட்டி, ஓர் அமுக்கு மெஷின். ஒவ்வொரு வேலைக்கும் போகிற கலவையில் ஒரு தள்ளுவண்டி அளவு எடுத்து, ஆறு இரும்பு அச்சில் போட்டுக் குத்தி வைக்க வேண்டும். காகிதத்தில் அதற்கு க்யூப் என்று பெயர், எங்கள் வாயில் கட்டி. மறுநாள் அச்சைக் கழற்றிக் கட்டியைத் தண்ணீரில் போட வேண்டும். ஏழாம் நாள் மூன்று, இருபத்தெட்டாம் நாள் மூன்று என்று மெஷினில் வைத்து அமுக்கி, எவ்வளவு பாரத்துக்கு உடைகிறது என்று எழுத வேண்டும். உதறல் இல்லை, சத்தம் இல்லை. அங்கே இருந்த பெரியவர் சீக்கிரமே வேலையை விட்டு நிற்பதாக இருந்தது. உள்ளிருந்தே ஓர் ஆளைப் போடுவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். என் விரல்களைப் பார்த்த டாக்டர், "இன்னும் ஒரு வருஷம் அந்த மெஷினைப் பிடிச்சீங்கன்னா அப்புறம் தட்டுகூடப் பிடிக்க முடியாது" என்று சொல்லியிருந்தார். ஆக, எனக்கு அந்த ஸ்டூல் வேண்டும். அவ்வளவுதான்.

அது என் சகலைக்குப் போனது.

சகலை என்றால் என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். வேலையில்லாமல் திரிந்தவனை லாரி டிரைவராகப் பிளாண்டில் சேர்த்துவிட்டதே நான்தான். என்னைவிட ஒன்பது வயது சிறியவன். வாய் நிறைய "அண்ணே, அண்ணே" என்பான். எல்லோருக்கும் அவனைப் பிடிக்கும். அப்படிப்பட்ட ஆட்களை எனக்குப் பொதுவாகவே பிடிக்காது.

நடந்தது இது. பிளாண்டில் கை கழுவும் இடத்தில் தரை பெயர்ந்திருந்தது. மீந்த சிமெண்டைக் குழைத்து அதைப் பூசிக்கொண்டிருந்தேன். மரத்த விரலிலிருந்து டீ டம்ளர் நழுவி அதன்மேல் கவிழ்ந்தது. டீக்கு நாலு கரண்டி சர்க்கரை போடுகிறவன் நான். மறுநாள் பார்த்தால் சுற்றிலும் கல்லாகியிருந்தது, டீ கொட்டின இடத்தில் மட்டும் விரல் வைத்தால் உள்ளே போனது. மூன்று நாள் அப்படியே கிடந்தது. ஏன் என்று தெரிந்துகொள்ளும் அரிப்பு தாங்கவில்லை. இரண்டு டப்பா மூடியில் சிமெண்டைக் குழைத்து ஒன்றில் சர்க்கரையைப் போட்டு வைத்துப் பார்த்தேன். சந்தேகமே இல்லை. ஊரையே தாங்குகிற சிமெண்டை, டீயில் கரைகிற பொருள் படுக்க வைத்துவிடுகிறது.

இதை நான் மேனேஜரிடம் சொல்லவில்லை. டிரம்முக்குள் கிடக்கிறவன் பேச்சை யார் கேட்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டுச் சாப்பாட்டில், வேடிக்கைக் கதையாகச் சொன்னேன். சகலையும் அவன் மனைவியும் வந்திருந்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள். அவன் மட்டும் கையில் இருந்த சோற்று உருண்டையை வாயில் போடாமல் கேட்டான்.

"ஒரு லாரிக்கு எவ்வளவு போடணும்ணே?"

"ஏன், நீ டீ போடப் போறியா?"

"சும்மா சொல்லுங்கண்ணே."

"முழு லோடுன்னா ஏழெட்டுக் கிலோ வேணும்" என்றேன். ஏற்கெனவே மனக்கணக்கு போட்டு வைத்திருந்தேன்.

அடுத்த மாதம் பாலத்தின்மேல் ஒரு வண்டி கவிழ்ந்து, முன்னும் பின்னும் அசைய முடியாமல் மூன்று மணிநேரம் அவன் லாரி மாட்டிக்கொண்டது. நல்ல வெயில். கலவை இறுக ஆரம்பித்துவிட்டது. இன்னும் ஒரு மணிநேரம் போனால் டிரம்முக்குள் மொத்தமும் ஒரே கல். அப்படி ஆனால் ஒன்று டிரம்மைத் தூக்கிப் போட வேண்டும், இல்லை என்னை உள்ளே விட்டு இரண்டு வாரம் உடைக்க வேண்டும். அவன் இறங்கி ஓடினான். பாலத்தடிக் கடையில் எட்டுக் கிலோ சர்க்கரை வாங்கி, ஏணியில் ஏறி, டிரம்மின் வாயில் கொட்டி, தண்ணீர் விட்டுச் சுழற்றினான். சாயங்காலம் பிளாண்டு முற்றத்தில் அத்தனையும் சேறு மாதிரி வழிந்து இறங்கியது.

கலவை போடும் மெஷினை இயக்குகிறவனுக்கு ரேடியோ என்று பட்டப்பெயர். அணைக்கவே முடியாது. அவன்தான் டிரம்முக்குள் தலையை நீட்டி என்னிடம் சொன்னான்.

"உன் சகலை பிளாண்டையே காப்பாத்திட்டான்யா! மேனேஜர் அவன் தோள்மேல கை போட்டாரு. அவர் பொண்டாட்டி தோள்லகூட போட்டிருக்க மாட்டாரு."

"ம்."

"உனக்கு ரெண்டு வார வேலை மிச்சம். ஒரு டீ வாங்கிக் குடு அவனுக்கு. சர்க்கரை கம்மியா போடச் சொல்லு."

நியாயமாக நான்தான் அவனுக்கு முதலில் நன்றி சொல்லியிருக்க வேண்டும். அந்தக் கல்லை உடைத்திருக்க வேண்டிய கை என்னுடையது. சொல்லவில்லை. ரேடியோவின் தலை மறையும் முன்பே பிரேக்கரை ஓட்டினேன். மறுநாள் சாம்பிள் ரூம் அவனுக்கு என்று அறிவித்தார்கள். எல்லா லாரியிலும் ஒரு பை சர்க்கரை இருக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. அதற்காக வாங்கிய மூட்டை அவன் பொறுப்பில், சாம்பிள் ரூம் மூலையிலேயே வைக்கப்பட்டது.

வீட்டில் என் மனைவி சொன்னாள்.

"என் தங்கச்சி புருஷனுக்கு மூளை இருக்குன்னு இப்பத்தான் தெரியுது."

"அது என் மூளை."

"உங்க மூளைதான். யாரு இல்லேன்னா? ஆனா நீங்க அதை வச்சு சோத்துக்கு நடுவுல கதை சொன்னீங்க. அவன் ஏணியில ஏறினான்."

என் பட்டனைக் கழற்றிவிட்டபடியே சொன்னாள். சண்டை போடவும் முடியாது, சட்டை அவள் கையில் இருந்தது.

எனக்குப் பொறாமை. வேறு நாகரிகமான பெயர் எதுவும் அதற்கு வேண்டாம். கழுவும் இடத்திலிருந்து பார்த்தால் சாம்பிள் ரூம் ஜன்னல் தெரியும். ஸ்டூலில் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டிருப்பான். பேனாவைக் காதில் சொருகியிருப்பான். அவன் விரல்கள் பத்தும் சிவப்பாக, ரத்தம் ஓடுகிற விரல்களாக இருக்கும். கட்டியை மெஷினில் வைக்கும்போது சுண்டுவிரலைத் தூக்கிக்கொள்வான், சிலர் டீ குடிக்கும்போது தூக்குவார்களே, அந்த மாதிரி. அந்தச் சுண்டுவிரலிலிருந்து என்னால் கண்ணை எடுக்க முடியாது.

அவனோ என்னைப் பார்த்தால் ஜன்னலைத் திறப்பான்.

"அண்ணே, உள்ள வந்து கொஞ்ச நேரம் ஃபேன் காத்துல உக்காருங்க."

என் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு என்னையே விருந்தாளியாகக் கூப்பிடுகிறான். "வேலை கிடக்கு" என்று போய்விடுவேன்.

பள்ளிக்கூடக் கட்டிடம் ஒன்றின் கீழ்த்தளத் தூண்களுக்குக் கலவை போன அன்று காலை, தள்ளுவண்டி நிறைய சாம்பிள் எடுத்து ரூம் வாசலில் வைத்திருந்தான். அவனுக்குப் போன் வந்தது, அவன் மனைவி. பேசிக்கொண்டே பின்பக்கம் போனான், சிரிப்புச் சத்தம் கேட்டது. நான் தண்ணீர் குடிக்க வந்திருந்தேன். வாசலில் வண்டி. மூலையில் வாய் பிரிந்த சர்க்கரை மூட்டை.

ஒரு பிடி அள்ளினேன். மரத்த கை, சர்க்கரையின் சொரசொரப்புகூடத் தெரியவில்லை. கலவையில் போட்டு மண்வெட்டியால் நன்றாகக் கிளறினேன். அவ்வளவுதான், அரை நிமிஷ வேலை.

நான் நினைத்தது இதுதான். நாளைக்கு அச்சைக் கழற்றுவான், ஆறும் சேறாகச் சரியும், மேனேஜர் பார்ப்பார், "ஒரு கட்டி போடத் தெரியல, நீ லாரியே ஓட்டு" என்பார். அதற்குமேல் நான் யோசிக்கவில்லை. யோசிக்கிற ஆள் என்று நாலு பேர் என்னைச் சொல்லவில்லை என்றுதானே எனக்கு எரிச்சல். அன்று நான் யோசித்த லட்சணம் அது.

அவன் திரும்பி வந்தான்.

"என்னண்ணே, எனக்கு வேலை செய்யறீங்க?"

"ஜல்லி கீழ இறங்கிருச்சு. கிளறிவிட்டேன்."

"நீங்க பக்கத்துல இருக்கறதே எனக்கு ஒரு தெம்புண்ணே" என்றான். முகத்தில் கள்ளம் இல்லை. அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை டிரம் ஓட்டையில் அவன் தலை தெரிந்தது. நான் பிரேக்கரை நிறுத்தினேன்.

"அண்ணே, ஒரு நிமிஷம். கட்டி இறுகல."

"எத்தனை?"

"ஆறுமே. அச்சுல ஒரு பக்கத்தைத் தளர்த்தினேன், வழியுது. தூண்ல போய்த் தொட்டுப் பாத்துட்டு வந்துட்டேன், அது கல்லு மாதிரி இருக்கு. இதுல மட்டும் என்னாச்சுன்னு புரியலண்ணே. மேனேஜர்கிட்ட சொல்லிடவா?"

அவன் காதில் சொருகிய பேனாவை எடுத்து எடுத்துச் சொருகினான். எனக்கு ஒரு கணம் உண்மையிலேயே இனித்தது. அந்த இனிப்பை இன்னும் கொஞ்சம் வைத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. மேனேஜரிடம் உடனே போனால், 'நேர்மையான பையன்' என்று அதற்கும் தட்டிக்கொடுப்பார். அவரைத் தெரியும் எனக்கு.

"சொல்லாத" என்றேன். "ராத்திரி குளிர் ஜாஸ்தி. அதான். ரெண்டு நாள் விடு, தானா இறுகும். இந்த ரூமுக்கு வந்து பத்து நாள் ஆகலை, அதுக்குள்ள புகார் சொல்லிட்டுப் போய் நிக்காத."

"நோட்டுல என்ன எழுதறதுண்ணே?"

"எப்பவும் எழுதறதை எழுது."

அவன் தலையாட்டினான். போகும்போது, "நீங்க சொன்னா சரிதாண்ணே" என்றான்.

நாலாம் நாள் இறுகியது. கழற்றித் தண்ணீரில் போட்டான். மறுநாளே கழற்றியதாக நோட்டில் எழுதினான். ஏழாம் நாள் அமுக்கினால், வர வேண்டிய பலத்தில் மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லை. அந்தக் காகிதம் விதிப்படி நேராகக் கட்டிடக்காரர்களின் இன்ஜினியருக்குப் போனது.

அவர் வெள்ளைத் தொப்பி போட்ட ஒல்லி மனிதர். "குழந்தைங்க படிக்கப் போற கட்டிடம். காகிதத்துல இல்லாத பலம் தூண்ல எங்கிருந்து வரும்? பன்னெண்டு தூணையும் உடைங்க" என்று சொல்லிவிட்டார். எங்கள் மேனேஜர் கெஞ்சிப் பார்த்தார். நடக்கவில்லை.

உடைக்க யார்? பிளாண்டில் பிரேக்கர் பிடிக்கிறவன் ஒருவன்தான்.

முதல் தூணை உடைக்க இரண்டு நாள் ஆனது. எந்தக் காங்கிரீட் நல்லது, எது சொத்தை என்று என் கையைவிட நன்றாகச் சொல்ல எந்த மெஷினும் இல்லை. சொத்தைக் காங்கிரீட்டில் பிரேக்கரின் இரும்பு ஊசி இறங்கினால் ஜல்லி முழுசாகக் கழன்று விழும். இதில் ஜல்லியே இரண்டாகப் பிளந்தது, சிமெண்டு விடவில்லை. பதினோரு வருடத்தில் நான் உடைத்ததிலேயே நல்ல காங்கிரீட் அது. தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. மூன்றாவது விரலும் வெளுத்தது. "ஐயா, இது நல்ல தூண்" என்று ஒரு வார்த்தை சொன்னால் மெஷினை நிறுத்திவிடலாம். சொன்னால், அப்புறம் கட்டி ஏன் கெட்டது என்று கேட்பார்கள். வாயை மூடிக்கொண்டு நல்லதை உடைத்தேன்.

இரண்டாவது தூணில் பாதி வந்தபோது ஊசி முறிந்தது. இன்ஜினியர் கிட்டே வந்து தூசியைத் துடைத்து, பிளந்த ஜல்லியை விரலால் தடவிப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"எவ்வளவு நாளா இந்த வேலை?"

"பதினோரு வருஷம்."

"அப்ப இது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணுமே."

நான் தலைகுனிந்து ஊசியை மாற்றினேன். அவர் மெஷினை நிறுத்தச் சொல்லி, மற்றத் தூண்களில் உருளையாகத் துளைத்து எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். எல்லாமே தேவைக்கு மேல் பலம். பத்துத் தூண் தப்பியது. கெட்டது தூண் இல்லை, கட்டிதான் என்று ஆனது.

மேனேஜர் சாம்பிள் ரூமுக்கு வந்தார். ரேடியோ, நான், இன்னும் இரண்டு பேர் வாசலில் நின்றோம். தரையில் சர்க்கரை சிந்திக் கிடந்தது, எறும்பு ஊர்ந்தது. அவருக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை.

"சர்க்கரையை வச்சுப் பேர் வாங்கினவன், அதே சர்க்கரையைக் கட்டிக்குள்ள விட்டிருக்கே. சரி, கை தவறிப்போச்சு. இறுகலன்னு மறுநாளே தெரியுமில்ல? ஏன் சொல்லல? நோட்டுல ஏன் பொய் எழுதின? யார் உன்னை மூடி மறைக்கச் சொன்னது?"

சகலை என்னைப் பார்க்கவில்லை. எறும்புகளைப் பார்த்தான்.

"யாரும் சொல்லல சார். நானாத்தான்."

என் காதில் பிரேக்கர் ஓடுகிற மாதிரி ஒரு சத்தம். இதுதான் சமயம், சொல் என்று ஓர் அடி முன்னால்கூட வைத்தேன். ரேடியோ அப்போது என் முழங்கையைப் பிடித்து, "நீ தலையிடாத, சொந்தக்காரன்னு உன்னையும் சேத்துத் திட்டுவாரு" என்று கிசுகிசுத்தான். அந்தச் சாக்கு எனக்குப் போதுமாக இருந்தது.

அவன் லாரியில் வேறு டிரைவர் சேர்ந்தாகிவிட்டது. அவனுக்கென்று மிஞ்சியது ஓர் இடம்தான், என் டிரம். மறுநாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு அந்த இடத்தைக் காலியாக்கினார்.

"நாளையிலிருந்து சாம்பிள் ரூம் நீ பாரு. டிரம்மை அவன் பாக்கட்டும்."

"சரி சார்."

"உன்னை ஏன் போடறேன்னு கேக்க மாட்டியா? பாலத்துல லாரியைக் காப்பாத்தின அன்னிக்கு அவனைப் பாராட்டினேன். 'இது என் யோசனை இல்ல சார், எங்க அண்ணன் டப்பா மூடியில செஞ்சு பாத்துச் சொன்னது, இந்த ரூமுக்கு அவர்தான் பொருத்தம்'னான். சொன்னவனைவிடச் செஞ்சவன்தான் எனக்கு வேணும்னு அப்ப நினைச்சேன். தப்பு என்மேல."

நான் வெளியே வந்து கழுவும் இடத்தில் நின்றேன். நான் பூசிய தரையில், டீ கொட்டின இடம் இப்போது மற்ற இடம் மாதிரியே இறுகிக் கிடந்தது. எது எதென்று தெரியவில்லை. எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வந்தது, கொஞ்சம் பிந்தி. முதலில் வந்தது பழைய எரிச்சல்தான். இதிலும் அவன் முந்திக்கொண்டான். என் யோசனையைத் திருடினவன் என்று மனதுக்குள் நான் அவனுக்கு வைத்திருந்த ஒரே பெயரையும் அவன் வாங்க மறுத்துவிட்டான். அப்படி ஒரு வார்த்தையை எடுத்து அப்படி இலகுவாக இன்னொருவனுக்குக் கொடுத்துவிட அவனால் முடிகிறது. அது எனக்கு வரவில்லை. அந்தக் குணத்தின்மேலும் எனக்குப் பொறாமை.

ஸ்டூலில் உட்கார்ந்து ஐந்து மாதம் ஆகிறது. மின்விசிறி சுற்றுகிறது. இடது கையில் உணர்வு திரும்புகிறது, மேல் இரண்டு பட்டனை நானே போடுகிறேன். என் மனைவி அதைப் பார்த்துத் தங்கைக்குப் போன் போட்டுச் சொன்னாள். ஜன்னலைச் சாத்தினாலும் முற்றத்திலிருந்து பிரேக்கர் சத்தம் வரும். தொட்டித் தண்ணீர் அதற்குச் சின்னதாக நடுங்கும். மதியம் அவன் தூசியும் தானுமாக ஓட்டை வழியே வெளியே வருவான். நான் ஜன்னலைத் திறந்து, "உள்ள வந்து உக்காரு" என்பேன். அவன் வருவான். அன்று அவன் கூப்பிட்டு நான் போகாத மாதிரி இல்லை, அவன் வருவான். கூச்சமே இல்லாமல் விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, "நல்லவேளை, உங்களுக்காவது கிடைச்சுதுண்ணே" என்பான்.

போன ஞாயிறு இரண்டு பேரும் சாப்பிட வந்தார்கள். அவன் கை கழுவப் போனபோது அவன் மனைவி என் பக்கத்தில் வந்து மெல்லக் கேட்டாள்.

"மாமா, அவருக்கு வலது கைச் சுண்டுவிரல் காலையில மரத்துப்போகுதாம். வெள்ளையா இருக்கு. உங்களுக்கு இப்படித்தானே ஆரம்பிச்சுது? தானா சரியாயிடுமா?"

"டாக்டர்கிட்ட காட்டு" என்றேன்.

"உங்ககிட்ட கேட்டா போதும்னு சொல்றாரு."

அவன் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து என் எதிரில் உட்கார்ந்தான். தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினான். நான் வாயைத் திறந்தேன். சோற்றை எடுத்து அதில் போட்டுக்கொண்டேன்.

ஒரே ஒரு வாக்கியம் அவனுக்கு நான் பாக்கி வைத்திருக்கிறேன்: அந்தச் சர்க்கரையைப் போட்டது நான். இன்னும் கொடுக்கவில்லை.